வங்கி வேலையை விட்டுப் படம் வரையப் போகிறேன்: எங்கே இடறும் என்று சொல்லுங்கள்

படங்கு | நுவரெலியா | 9 ஜூன் 2024

மூன்று வருடமாக இங்கே பிறர் எழுதுவதை வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். முதல் தடவையாக எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 37. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தார். நான் ஒரு வங்கியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து 14 வருடத்தில் உதவி முகாமையாளராகிவிட்டேன். நகை அடகும் சிறுகடனும் என் பொறுப்பு. சம்பளத்தில் குறையில்லை, மேலிடத்தில் ஏச்சில்லை. போன வருடம் கிளைக்குக் கேடயம் கிடைத்தபோது மேடையேறி வாங்கியதும் நான்தான். கணவர் ஆசிரியர். மகனுக்கு எட்டு வயது.

அடகுக்கு ஒரு தோடு வந்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். பழைய தோடுகளில் உள்ளே அரக்கு அடைத்திருக்கும். அந்த எடையைக் கழிக்க வேண்டும், கல்லின் எடையைக் கழிக்க வேண்டும். பிறகு உரைகல்லில் ஒரு கீற்று இழுத்து அமிலம் விட்டு, கீற்று மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 2022-ல் ஒரு நாள் அப்படித் தோடு ஒன்றைத் திருப்பிக்கொண்டு நிமிர்ந்தால், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் முடி தேய்ந்த இடம் அப்படியே இருந்தது. சின்ன வயதில் என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டவர், அன்றைக்கு 'மிஸ்' என்றார். அடுத்த வருடம் அந்தத் தோட்டுக்கான ஏல அறிவித்தலில் கையெழுத்து வைத்ததும் நான்தான். சட்டப்படி எல்லாம் சரி. அன்றைக்கு மத்தியானம் கழித்துப் போட்ட படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் கையை வரைந்தேன். அதற்கு முன்பும் வரைவேன், பொழுதுபோக்காக. அதற்குப் பிறகு அது பொழுதுபோக்காக இல்லை.

இன்னொன்று. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடம்) கொழும்பிலிருந்து ஒரு படப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். அதில் கொழுந்து பறிக்கும் பெண், சிவப்புச் சேலை, இடுப்பில் கூடை, வாயெல்லாம் சிரிப்பு. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த அம்மா ஏன் படங்கு கட்டவில்லை? சேலை நனையாதா?" என்று கேட்டது. படங்கு என்றால் சேலை நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. படத்தில் கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பும் இல்லை, காலில் கடிக்கும் அட்டையும் இல்லை, பனியும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் பார்க்கும் மலையையே வரைந்து புத்தகமாக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இரவு பத்து மணிக்குப் பிறகு வரைந்து பார்த்துவிட்டேன். இரண்டு வருடத்தில் பதினொரு படம். இந்த வேகத்தில் மகன் கல்யாணம் முடித்த பிறகுதான் முதல் புத்தகம் வரும்.

அம்மாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "படம் வரைந்தால் யார் பேர் போடுவார்கள்?" என்று மட்டும் கேட்டார். தோட்டம் தெரியாதவர்களுக்காக: செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

வெண்கட்டி | கொட்டகலை | 9 ஜூன்

மகள், நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். உங்களைப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் என்னைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் படித்த தோட்டப் பாடசாலையில் ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒரே கூடம். 1970-களில் அரசு பொறுப்பேற்கும் வரைக்கும் பல இடங்களில் அதுதான் நிலை. 1948-ல் குடியுரிமை போன பிறகு எங்கள் அப்பாமாருக்கு அரசாங்க உத்தியோகம் என்ற சொல்லே கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் தமிழில் பேசலாம் என்று ஒரு தாய் நம்பி வருவதற்கு எத்தனை வருடம் பிடித்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாற்காலி உங்களுடையது மட்டுமல்ல.

எழுதுவதற்கு வேலையை விட வேண்டும் என்று யார் சொன்னது? சி.வி. வேலுப்பிள்ளை 1947-ல் தலவாக்கலைக்கு நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு தொழிற்சங்க வேலை. அதற்கு நடுவில்தான் கவிதை எழுதினார், நம் ஆட்கள் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தார். எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை.

மூன்றாம்_லயன் | பொகவந்தலாவை | 10 ஜூன்

பட்டம் முடித்து மூன்று வருடம். இருபத்தாறு விண்ணப்பம். இப்போது ஹட்டனில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் நிற்கிறேன். நீங்கள் அலுத்துப்போய்த் தூக்கிப் போடுகிற சம்பளம் என் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து உழைப்பதைவிட அதிகமாக இருக்கும். மன நிறைவு பற்றிய கேள்வியெல்லாம் வயிறு நிறைந்த பிறகு வருவது. கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, அழிக்கப் போவதில்லை.

ஊவாக்காற்று | பசறை | 10 ஜூன்

தம்பி, பசித்தவன் இருக்கிறான் என்பதற்காக மற்றவர் பிடிக்காத சோற்றைத் தின்றுகொண்டே இருந்தால் உங்கள் பசி அடங்குமா?

அக்கா, அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்காகவாவது வரையுங்கள். என் மகள் வீட்டை வரையச் சொன்னால் ஓட்டுக் கூரை போட்ட தனி வீடும் தென்னை மரமும் வரைகிறாள். பசறையில் எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் தென்னை ஏது?

கணக்கன் | கண்டி | 11 ஜூன்

மன நிறைவு பற்றி எனக்குத் தெரியாது. காசைப் பற்றிச் சொல்கிறேன்.

ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 சதவீதமும் வங்கியின் 12 சதவீதமும் 14 வருடமாகச் சேர்ந்திருக்கும். மனதில் அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். பெண்ணுக்கு 50 வயதில்தான் கை வைக்கலாம், ஆணுக்கு 55. திருமணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு விலக்கு உண்டு, படம் வரைவதற்காக விடும் பெண்ணுக்குச் சட்டம் எழுதியவர்கள் விலக்கு யோசிக்கவில்லை.

பணிக்கொடை 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி. ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு ஏழு மாதச் சம்பளம், விலகி 30 நாளுக்குள் தர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 சதவீதத்தை வேலையை விட்டதும் கேட்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான்.

இனி முக்கியமானது. வங்கி ஊழியர்களில் வீட்டுக் கடன் இல்லாதவரை நான் கண்டதில்லை. உங்களுக்கும் இருந்தால் அது சலுகை வட்டியில் இருக்கும். விலகியதும் சந்தை வட்டிக்கு மாறுமா, மீதியை ஒரேயடியாகக் கேட்பார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது உங்களுக்கே நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு வருடம் சலுகை வட்டி இல்லாமல் வந்தால் தூரிகையை விற்க வேண்டியதுதான்.

ஒரு வழி இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் பங்களித்து, 3 இலட்சத்துக்கு மேல் மீதி உள்ளவர் வேலையில் இருக்கும்போதே சேமலாப நிதியில் 30 சதவீதம் வரை வீட்டுத் தேவைக்கு எடுக்கலாம். உங்கள் கடனுக்குப் பொருந்துமா என்று தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். விலகல் கடிதத்துக்கு முன்பு கேளுங்கள், பின்பு அல்ல.

படங்கு | 12 ஜூன்

கணக்கன் சேர், வெட்கமாக இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை நூறு பேருக்காவது வரிவரியாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். என்னுடையதை நேற்றிரவுதான் முதல் முறையாக வாசித்தேன். விலகி மூன்று மாதத்தில் சந்தை வட்டி. ஒன்பது வருடத் தவணை மிச்சமிருக்கிறது.

வெண்கட்டி ஐயா, நாற்காலி எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பது சரிதான். ஆனால் அதில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்பதையும் நான்தானே பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் பேசலாம் என்று நம்பி வருகிறார்கள். தமிழிலேயே ஏல அறிவித்தல் கொடுக்கிறேன்.

மூன்றாம்_லயன் தம்பி, நீங்கள் எழுதியதில் தவறில்லை. நான் போனால் என் இடத்துக்கு உள்ளேயிருந்து ஒருவர்தான் வருவார். ஆனால் ஓகஸ்டில் பயிலுநர்களை எடுக்கிறார்கள். தனிமடலில் விவரம் அனுப்பியிருக்கிறேன்.

தேயிலைவேர் | பண்டாரவளை | 16 ஜூன்

நான் விட்டவன். எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2015 வரை ஒரு தோட்டத்தில் சின்னத்துரை, அதாவது உதவி முகாமையாளர். பங்களா, மோட்டார் சைக்கிள், சமையலுக்கு ஆள். காலை ஆறு மணிக்குப் பிரட்டுக் களத்தில் நின்று யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுத்து, மாலையில் யாருக்கு எத்தனை கிலோ குறைவு என்று பார்த்து அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போட வேண்டும். கிலோ குறைந்த அன்று நான் பார்த்தது பெரும்பாலும் வயதான கைகளைத்தான்.

பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல் போடுவார்கள். பிடுங்கிய கட்டைகள் விறகுக்குப் போகும். அதில் ஒன்றை ஒரு நாள் கத்தியால் சீவினேன். உள்ளே வெளிர் நிறம், இறுகின வைரம், வேர்ப் பக்கம் முழுக்க முறுக்கு. நூறு வருடம் கவ்வாத்து என்று கிளை வெட்டு வாங்கின உடம்பு வேறு எப்படி இருக்கும்? அந்த முறுக்கைச் செதுக்க வேண்டும் என்றுதான் வேலையை விட்டேன். முதல் வருடம் எல்லாம் வெடித்தது. இரண்டு முனையிலும் மெழுகு பூசி, நிழலில் எட்டு ஒன்பது மாதம் போட்டு வைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதற்குள் பணிக்கொடை முடிந்துவிட்டது.

பிறகு எல்லப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கங்காணி வேண்டாம், முறுக்கு வேர் வேண்டாம். யானை வேண்டும். பைக்குள் அடங்குகிற யானை. 2018-ல் 23 இலட்சம் பேருக்கு மேல் நாட்டுக்கு வந்தார்கள், நான் அந்த வருடம் நானூறுக்கு மேல் யானை செதுக்கினேன். இரவில் கண்ணை மூடினால் தும்பிக்கை. துரையிடமிருந்து தப்பி வந்து கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். கடைக்காரரும் மாலையில் எண்ணித்தான் பார்த்தார்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு யானையும் விற்கவில்லை. அடுத்து கொரோனா. 2021-ல் வந்தவர்கள் இரண்டு இலட்சம்கூட இல்லை. அந்த இரண்டு வருடமும் கவ்வாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் பிடி போட்டுக் கொடுத்துச் சாப்பிட்டோம். வாங்கியவர்கள் நான் முன்பு அரைப் பேர் போட்ட ஆட்கள். ஒருவர்கூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பிப் போவீர்களா என்று கேட்டால், போக மாட்டேன். ஆனால் தங்கச்சி, உங்களுக்கும் யானை வரும். எந்த உருவத்தில் வரும் என்று தெரியாது, வரும். மாதத்தில் எத்தனை நாள் அதற்கு என்று இப்போதே கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அச்சுமை | மாத்தளை | 17 ஜூன்

அச்சகத்தில் இருபது வருடம். சில விஷயங்கள்.

பக்கங்களைப் பதினாறின் மடங்கில் யோசியுங்கள், 32 நல்லது. 24-ம் செய்யலாம். 26 பக்கக் கதையோடு வந்து நிற்காதீர்கள். வர்ணப் படத்துக்கு நாலு அச்சுத் தட்டு. நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் தட்டுச் செலவு ஒன்றுதான். எனவே முந்நூறுக்குக் குறைவாக வேண்டுமானால் டிஜிட்டலில் போங்கள்.

தேயிலைப் பச்சை திரையில் ஒன்று, தாளில் ஒன்று. மாதிரித் தாளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குழல் விளக்கின் கீழே பார்த்துச் சம்மதித்துவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாள் விலை 2022-க்கு முந்திய நிலைக்கு வரவே இல்லை. அந்த வருடம் மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையையே தள்ளிப்போட்டார்களே. புத்தக எண்ணுக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைகளுக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்றே கணக்கு வையுங்கள்.

ஒரு சந்தேகம். நுவரெலியாவில் கச்சான் காலத்தில், இந்தத் தென்மேற்குக் காற்று மழையில், நீர்வர்ணம் காய்கிறதா?

படங்கு | 17 ஜூன்

காய்வதில்லை. இப்போது ஒரு வானத்தைப் பூசினால் மறுநாள் காலையிலும் தாள் நனைந்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. அடுப்புக்கு மேலே, பழைய காலத்தில் மிளகாய் உலர்த்தும் பரணில் கம்பி கட்டித் தொங்கவிடுகிறேன். புகை ஏறி எல்லா வானமும் லேசாகப் பழுப்பாகிவிட்டது. முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு பார்த்தால் எங்கள் லயத்துக் காலை நேரம் அந்த நிறம்தான். இருந்தாலும் பூஞ்சணம் வேறு கதை. ஏழாவது படத்தில் மலையெல்லாம் கரும்புள்ளி.

வெண்கட்டி | 18 ஜூன்

பண்டாரவளைத் தம்பி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் கருத்து மாறவில்லை. வீட்டுக் கடன் முடியட்டும், பிறகு விடட்டும். ஒன்பது வருடம் பெரிதல்ல, எங்கள் சனம் இருநூறு வருடம் பொறுத்தது.

ஊவாக்காற்று | 18 ஜூன்

ஐயா, பொறுத்ததால்தான் இருநூறு வருடம் ஆனது.

படங்கு | 22 செப்டெம்பர் 2024

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னிக்கவும்.

சேமலாப நிதியின் 30 சதவீதம் கிடைத்தது. கணக்கன் சேருக்கு நன்றி, மூன்று தடவை தொழில் திணைக்களத்துக்கு அலைந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் வளையல்களையும் விற்றேன். கடைக்காரர் கழிவு சொல்லத் தொடங்கியதும் தராசை என் பக்கம் திருப்பச் சொன்னேன். இரண்டும் சேர்த்துக் கடனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அடைந்திருக்கிறது. மீதியைச் சந்தை வட்டியிலும் கணவரின் சம்பளம் தாங்கும். இறைச்சி மாதத்துக்கு ஒரு தடவை.

இதற்கிடையில் ஒரு தொண்டு நிறுவனம் போசாக்குப் பற்றிய சுவரொட்டிக்கு ஆறு படம் கேட்டது. நல்ல காசு. தாய் ஒருவர் மலையிலிருந்து வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார், காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு. திருப்பி அனுப்பினார்கள்: சுண்ணாம்பை எடுத்துவிடுங்கள், தாயைச் சிரிக்க வையுங்கள், சேலை பளிச்சென்று இருக்கட்டும்.

சிரிக்க வைத்துக் கொடுத்தேன். காசை வாங்கித் தாள் வாங்கினேன்.

தேயிலைவேர் | 22 செப்டெம்பர்

யானை வந்துவிட்டது.

மூன்றாம்_லயன் | 23 செப்டெம்பர்

அக்கா, நீங்கள் சொன்ன பயிலுநர் நேர்முகத்துக்குப் போனேன். எடுக்கவில்லை. முதல் கேள்வியே அப்பா என்ன தொழில் என்பதுதான். சொன்னேன். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் மரியாதைக்குக் கேட்டவை.

இந்த மாதம் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆகியிருக்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷம். நான் இன்னும் அதே கடையில்தான். அந்தப் படங்கு கட்டிய படத்தை இங்கே போடுங்கள், பார்க்க வேண்டும்.

வெண்கட்டி | 23 செப்டெம்பர்

தம்பி, எந்தக் கிளை என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

படங்கு | 19 ஜனவரி 2025

விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். மூன்று மாத அறிவித்தல், பெப்ரவரி 28 கடைசி நாள். முகாமையாளர் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டு, "வேறு வங்கியா?" என்று கேட்டார். படம் என்றேன். வேறு வங்கி என்றே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

முதல் எட்டுப் பக்கத்தை டிஜிட்டலில் அடித்து, தைக்காமல் தாளாகவே பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டு போனேன். ஒரு தாள் அரை மணியில் கிழிந்தது. ஒன்றில் ஒரு குழந்தை வரைந்த குழந்தையை நக்கிப் பார்த்தது. ஆயா கிழிந்ததைச் சோற்றுப் பருக்கை வைத்துச் சுவரில் ஒட்டினார். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகிறது, அங்கே இல்லை. வேறொரு பையன் மட்டக்கம்பைத் தொட்டு, "இது எங்கள் அம்மாவுடையது, பிடி உடைந்தது" என்றான். நான் வரைந்த கம்பில் உடைசல் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மறுபடி வரைகிறேன்.

அம்மாவும் வந்திருந்தார். சுவரில் ஒட்டியதைக் கிட்டப் போய்ப் பார்த்தார். நல்லது கெட்டது சொல்லவில்லை. கூடைக் கயிறு இன்னும் கொஞ்சம் பின்னால் விழ வேண்டும், இப்படிப் போட்டால் மத்தியானத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்றார். அதையும் திருத்த வேண்டும்.

ஊவாக்காற்று | 19 ஜனவரி

புத்தகம் எப்போது அக்கா? எனக்கு மூன்று பிரதி.

படங்கு | 19 ஜனவரி

கச்சான் தொடங்குவதற்கு முன் படங்கள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பரண்தான். மே என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது படுக்கப் போகிறேன். நாளை திங்கள், எட்டு மணிக்குக் கிளை திறக்க வேண்டும். பெட்டகத்தின் இரண்டு சாவிகளில் ஒன்று இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.